எலும்புக்கூடுகளைச் சிரிக்க வைத்த ஓவியர் பொசாடா

மரணத்தைப் பற்றிப் பேசவே தயங்குகிறவர்கள் பலர். மங்கல காரியம் நடக்கும் வீட்டில் அந்தச் சொல் காதில் விழவே கூடாது என்பார்கள். ஆனால், மெக்சிகோ நாட்டில் ஓர் ஓவியர் இருந்தார். அவர் வரைந்த எலும்புக்கூடுகள் நடனம் ஆடும், சைக்கிள் ஓட்டும், மது அருந்திவிட்டுச் சண்டை போடும், பூ வைத்த தொப்பி அணிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். ஓரிரு காசுக்கு விற்ற தாளில் அந்தப் படங்களைப் பார்த்த ஏழை மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு சிந்தித்தார்கள்.

அந்த ஓவியரின் பெயர் ஹொசே குவாடலூபே பொசாடா. ஆண்டுதோறும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் மெக்சிகோவின் தெருக்களில் எங்கு பார்த்தாலும் தென்படும் தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியின் உருவம் அவர் கையில் பிறந்தது. அந்த உருவத்தை உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்குத் தெரியும். அதைச் செதுக்கியவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அது யாரைக் கேலி செய்வதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

பொசாடா எங்கிருந்து வந்தார்? அவருடைய கலையில் அப்படி என்ன இருந்தது? அவர் மறைந்த பிறகு அந்தக் கலைக்கு என்ன நேர்ந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு தனிமனிதரின் கதையோடு ஒரு நாட்டின் கதையும் சேர்ந்தே வரும்.

ரொட்டி சுடுபவரின் மகன்

பொசாடா 1852ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, மெக்சிகோவின் நடுப்பகுதியில் உள்ள அகுவாஸ்காலியெந்தெஸ் நகரில் பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. பள்ளி ஆசிரியராக இருந்த அண்ணன் சிரிலோதான் தம்பிக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுக் கொடுத்தார். நகராட்சி நடத்திய ஓவியப் பள்ளியிலும் அவர் சிறிது காலம் பயின்றார்.

பதினாறு வயது வாக்கில், திரினிதாத் பெட்ரோசா என்பவரின் அச்சுக்கூடத்தில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே அவர் கற்றுக்கொண்டது கல்லச்சு முறை. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, அதிலிருந்து படம் எடுக்கும் முறை அது.

1871ஆம் ஆண்டில் அந்த அச்சுக்கூடத்திலிருந்து ‘எல் ஹிகோதே’ என்ற அரசியல் கேலி ஏடு வெளிவந்தது. ‘குளவி’ என்பது அதன் பொருள். ஏட்டின் கேலிச் சித்திரங்களைப் பொசாடா வரைந்தார். அப்போது அவருக்கு வயது 19. உள்ளூர் ஆளுநரையும் அவரைச் சார்ந்தவர்களையும் அந்தக் குளவி கொட்டியது. பதினொரு இதழ்களோடு ஏடு நின்றுபோனது. மறு ஆண்டே பெட்ரோசாவும் பொசாடாவும் சொந்த ஊரை விட்டு லியோன் நகரில் குடியேறினார்கள்.

லியோனில் பொசாடா 16 ஆண்டுகள் வாழ்ந்தார். திருமணம் செய்துகொண்டார். அச்சுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். தீப்பெட்டி, சுருட்டுப் பெட்டிகளுக்கான லேபிள், சாமி படம், புத்தகப் படம் என்று வந்த வேலையை எல்லாம் செய்தார். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கல்லச்சுக் கலையைக் கற்றும் கொடுத்தார். அவருடைய வாழ்க்கை அப்படியே ஒரு சிற்றூர்க் கைவினைஞரின் வாழ்க்கையாக முடிந்திருக்கவும் கூடும்.

வெள்ளம் காட்டிய வழி

1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் லியோன் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. வீடுகள் சரிந்தன, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் பொசாடா தலைநகர் மெக்சிகோ சிட்டிக்குப் புறப்பட்டார்.

அங்கே அவருக்கு முதலில் கைகொடுத்தவர்களில் ஒருவர் இரினேயோ பாஸ் என்ற பத்திரிகை அதிபர். 1990ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஒக்தாவியோ பாஸின் தாத்தாதான் இவர். பிறகு பொசாடா சந்தித்தவர் அந்தோனியோ வனேகஸ் அரோயோ என்ற பதிப்பாளர். இந்தச் சந்திப்புதான் அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை.

வனேகஸ் அரோயோ 1880ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சகம் ஏழைகளுக்கான அச்சகம். சமையல் குறிப்பு, காதல் கடிதம் எழுதும் முறை, விடுகதை, மாயவித்தை, குழந்தைகள் நாடகம், பிரார்த்தனை, பாட்டு என்று எல்லாமே அங்கே சிறு புத்தகங்களாகவும் ஒற்றைத் தாள்களாகவும் அச்சாகின. இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் எனப் பல வண்ணங்களில் மலிவான தாள். விலை ஒன்றிரண்டு காசுகள்தான். வியாபாரிகள் அவற்றைச் சந்தைக்கும் திருவிழாவுக்கும் யாத்திரைத் தலங்களுக்கும் சுமந்து சென்று, பாட்டாகப் பாடியே விற்றார்கள்.

அன்றைய மெக்சிகோ மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவர் ஏன் தாள் வாங்க வேண்டும்? படத்துக்காகத்தான் வாங்கினார்கள். படம் முதலில் கதையைச் சொல்லிவிடும். பிறகு படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். ஆகவே, தாள் விற்பதும் விற்காததும் பொசாடாவின் கையில்தான் இருந்தது.

அந்த அச்சகம் வெளியிட்ட தெருச் செய்தித் தாள் ஒன்றுக்குக் குறிப்பிட்ட நாள் என்று எதுவும் கிடையாது. பரபரப்பான சம்பவம் நடக்கும்போது வெளிவரும் என்று தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். கொலை, தீ விபத்து, மரண தண்டனை, வால் நட்சத்திரம், அதிசயக் குழந்தை என்று எது நடந்தாலும் உடனே படம் தேவைப்பட்டது. கொலைச் செய்தி என்றால், கொலைகாரனின் பின்னால் நின்று அவனைத் தூண்டிவிடும் பேய்களையும் சேர்த்தே பொசாடா வரைவார். 1910ஆம் ஆண்டில் ஹாலி வால் நட்சத்திரம் வானில் தோன்றியபோது அதுவும் தாளில் ஏறியது.

எழுத்தோடு சேர்ந்து அச்சேறிய படம்

பொசாடாவின் பாணியைப் புரிந்துகொள்ள, அவர் வேலை செய்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கல்லச்சில் ஒரு தொல்லை உண்டு. படத்தைத் தனி இயந்திரத்திலும் எழுத்தைத் தனி இயந்திரத்திலும் அச்சிட வேண்டும். அவசரச் செய்திக்கு அது உதவாது.

ஆகவே, தலைநகருக்கு வந்த பிறகு பொசாடா முறையை மாற்றிக்கொண்டார். அச்சு எழுத்துகளை வார்க்கும் அதே ஈயக் கலவைத் தகட்டில் உளியால் நேரடியாகச் செதுக்கினார். உளி பட்ட இடம் வெள்ளையாக விழும். படாத இடம் கறுப்பாக நிற்கும். எழுத்துகளின் உயரத்திலேயே பிளாக் அமைந்ததால், படத்தையும் எழுத்தையும் ஒன்றாகப் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிட முடிந்தது.

பின்னர் துத்தநாகத் தகட்டுக்கு மாறினார். அமிலம் அரிக்காத மையால் தகட்டின் மீது வரைந்து, தகட்டை அமிலத்தில் இட்டால், மை இல்லாத இடமெல்லாம் அரிக்கப்பட்டுக் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். செதுக்கும் நேரம் மிச்சம். பேனா ஓடுகிற வேகத்திலேயே படம் தயாராகிவிடும்.

இந்த அவசரம்தான் அவருடைய பாணியை உருவாக்கியது. மட்டமான தாளில் நுணுக்கமான கோடுகள் மங்கிவிடும் என்பதால் தடித்த கோடுகளைப் போட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவரையும் இழுக்க வேண்டும் என்பதால் உருவங்களைப் பெரிதாக்கினார். கைகால்களை வீசி ஆட விட்டார். லியோனில் அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் மென்மையானவை, அடக்கமானவை. தலைநகரில் அவர் செய்த படங்களோ சந்தையில் கூவி விற்கிறவரின் குரலைப் போன்றவை.

சிரிக்க வைப்பதற்கென்றே சில பாத்திரங்களும் உருவாயின. தோன் செபீத்தோ என்ற வழுக்கைத் தலை அசடர் அவர்களில் ஒருவர். பெரிய மனிதரைப் போல் உடுத்திக்கொண்டு, அடுத்தவர் மனைவியைக் காதலிக்கப் போய் அடி வாங்குவார். காளைச் சண்டையில் இறங்கி மாட்டிக்கொள்வார். படம் பார்த்தவர்கள் தங்கள் தெருவில் இருந்த யாரையோ அதில் கண்டுகொண்டார்கள்.

பொசாடாவின் பட்டறை தலைநகரின் ஓவியக் கழகத்துக்கு அருகில் இருந்தது. அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போய்வந்த ஒரு சிறுவன், ஜன்னல் வழியே அவர் செதுக்குவதை நின்று பார்ப்பான். சில நாள் துணிந்து உள்ளே போய், தகட்டிலிருந்து உதிர்ந்த உலோகச் சுருள்களைப் பொறுக்கிக்கொள்வான். பின்னாளில் மெக்சிகோவின் மாபெரும் சுவரோவியர்களில் ஒருவராக விளங்கிய ஹொசே கிளெமெந்தே ஒரோஸ்கோதான் அந்தச் சிறுவன். தமக்கு ஓவிய ஆசையை முதலில் ஊட்டியது அந்தப் பட்டறைதான் என்று தம் சுயசரிதையில் அவர் நன்றியோடு குறிப்பிட்டார்.

சிரிக்கும் மண்டையோடுகள்

நவம்பர் முதல் இரண்டு நாள்களை மெக்சிகோ மக்கள் இறந்தோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மறைந்த உறவினர்கள் அன்று வீட்டுக்கு வந்துபோவதாக நம்பிக்கை. அவர்களுக்குப் பிடித்த உணவைப் படைத்து, சாமந்திப் பூவால் அலங்கரிப்பார்கள். அந்த நாளுக்கென்று ஒரு வேடிக்கை வழக்கமும் உண்டு. உயிரோடு இருப்பவர்களை இறந்துவிட்டதாகப் பாவித்துக் கேலிப் பாட்டு எழுதுவார்கள். அமைச்சரானாலும் சரி, கடைக்காரரானாலும் சரி, அன்று யாரும் கோபிக்கக் கூடாது. இந்தப் பாட்டுத் தாள்களுக்குக் ‘கலவேரா’ என்று பெயர். மண்டையோடு என்பது அதன் பொருள்.

கலவேரா வழக்கத்தைப் பொசாடா கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே மனுவேல் மனீயா என்ற செதுக்குக் கலைஞர் அதே அச்சகத்துக்கு இத்தகைய படங்களைச் செய்து தந்தார். ஆனால், பொசாடாவின் கையில் எலும்புக்கூடுகளுக்குக் குணம் வந்தது. குதிரை மீதேறிய தோன் குவிக்சோத், எதிர்ப்படும் எலும்புக்கூடுகளைச் சிதறடித்துக்கொண்டு பாய்கிறார். 1903ஆம் ஆண்டின் தாளில், வஹாக்கா ஊர் முரடன் ஒருவன் கத்தியை ஓங்கிக்கொண்டு வருகிறான். தலைநகரில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியதும் ‘மின்சார மண்டையோடு’ வந்தது. அன்றைய செய்தித்தாள்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு பத்திரிகையையும் ஓர் எலும்புக்கூடாக்கி, எல்லாவற்றையும் சைக்கிள் பந்தயத்தில் ஓடவிட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எலும்புக்கூட்டில் முகபாவம் ஏது? தோல் இல்லை, கண் இல்லை, புருவம் இல்லை. எல்லா மண்டையோடும் ஒரே மாதிரிதானே சிரிக்கும்? இந்தக் கேள்வியில்தான் பொசாடாவின் சூட்சுமம் இருக்கிறது. தொப்பியையும் காலணியையும் நிற்கிற தோரணையையும் மட்டும் வைத்தே இவர் பணக்காரர், இவர் குடிகாரர், இவர் தெரு வியாபாரி என்று சொல்லிவிடுவார். ஆடையைக் கழற்றிவிட்டால் எல்லாரும் ஒன்று. அந்த உண்மையைப் பாமரரும் ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டார்கள்.

தொப்பி அணிந்த சீமாட்டி

பொசாடாவின் படங்களில் மிகவும் புகழ்பெற்றது, பூவும் இறகும் நிறைந்த பெரிய பிரெஞ்சுத் தொப்பி அணிந்த பெண்ணின் மண்டையோடு. 1910க்கும் 1913க்கும் இடையில் அவர் செய்த படம் இது. இன்று அதைக் ‘கத்ரீனா’ என்று அழைக்கிறார்கள். ஆனால், அதன் பழைய பெயர் ‘கலவேரா கர்பன்செரா’.

அந்தப் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொந்த மண்ணின் மக்காச்சோளத்தைத் தாழ்வாக நினைத்து, ஐரோப்பியர் கொண்டுவந்த கடலையை உயர்வாகக் கருதியவர்களைக் குத்திக்காட்டும் சொல் இது என்று விளக்கம் சொல்வார்கள். உடலில் ஓடுவது பூர்வகுடி இரத்தம். முகத்தில் பூசுவது வெள்ளை மாவு. தலையில் வைப்பது பாரிஸ் தொப்பி. தன் தாய் தந்தையின் வழியைச் சொல்லவே வெட்கப்படுகிறவர்களை அந்தப் படம் சிரித்தது. படத்தை மீண்டும் பாருங்கள். தலையில் அவ்வளவு பெரிய தொப்பி. தொப்பிக்குக் கீழே வெறும் எலும்பு.

போர்ஃபிரியோ தியாஸ் என்ற சர்வாதிகாரி 1876ஆம் ஆண்டில் ஆட்சியைப் பிடித்து, இடையில் நான்கு ஆண்டுகள் தவிர 1911 வரை மெக்சிகோவை ஆண்டார். அவருடைய காலத்தில் ரயில் பாதை வந்தது; மின் விளக்கு வந்தது. தலைநகரின் மேல்தட்டு மக்கள் பிரெஞ்சுக்காரர்களைப் போல் வாழ விரும்பினார்கள். கிராமங்களில் உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். 1910 நவம்பரில் புரட்சி வெடித்தது. அந்தக் காலத்தின் மனக்கோணலை அந்த ஒரு தொப்பியில் பொசாடா அடக்கிவிட்டார்.

புரட்சிக்காரரா, கூலித் தொழிலாளியா?

பிற்கால ஓவியர்கள் பொசாடாவைப் புரட்சியின் முன்னோடி என்று போற்றினார்கள். அதில் உண்மை உண்டு, மிகையும் உண்டு. அவர் ஒரு பதிப்பாளரிடம் வந்த வேலையைச் செய்தவர். தாள் விற்க வேண்டும் என்பதுதான் அச்சகத்தின் கவலை. சில தாள்கள் தியாஸைப் புகழ்ந்தன. சில தாள்கள் ஏழையின் துயரத்தைச் சொல்லி அழுதன. புரட்சித் தலைவர் மதேரோவையும் பொசாடா விட்டுவைக்கவில்லை. மதுபானத் தொழில் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்த அவரை, உழவரின் உடையில் கையில் புட்டியோடு நிற்கும் எலும்புக்கூடாக்கினார்.

இன்னொரு சான்று. சிலந்தி போன்ற கோரமான எலும்புக்கூடு ஒன்று, இராணுவ சர்வாதிகாரி ஹுவெர்தாவைத் தாக்குவதற்காகப் பொசாடா செய்தது என்று பல நூல்களில் காணப்படுகிறது. ஆனால், ஹுவெர்தா ஆட்சியைப் பிடித்தது 1913 பிப்ரவரியில். பொசாடா இறந்தது அதற்கு ஒரு மாதம் முன்பு. ஆகவே, அந்தத் தலைப்பு அவர் கொடுத்ததாக இருக்க முடியாது. பழைய பிளாக்குகளுக்குப் புதுத் தலைப்பு வைத்து மீண்டும் அச்சிடுவது அக்காலத்து அச்சகங்களின் வழக்கம். படங்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். 15,000க்கும் மேல் என்று ஓவியர் டியேகோ ரிவேரா எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் சில ஆயிரங்களையே ஏற்கிறார்கள்.

இதனால் பொசாடாவின் பெருமை குறைந்துவிடாது. எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காமல், பெரியவர் சிறியவர் என்று பாராமல் அவர் எல்லாரையும் கேலி செய்தார். அதனால்தான் அவரைச் சாதாரண மக்கள் நம்பினார்கள்.

அடையாளமில்லாத கல்லறை

1913ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, தலைநகரின் ஏழைகள் வாழும் தெபீத்தோ பகுதியில் பொசாடா காலமானார். வயது 60. தொலோரெஸ் மயானத்தில், கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கான இலவசக் குழியில் அவரைப் புதைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழிந்தன. யாரும் உரிமை கோரி வரவில்லை. அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, பெயர் தெரியாத மற்றவர்களின் எலும்புகளோடு பொதுக் குழியில் சேர்த்துவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் எந்த உண்மையைப் படமாக வரைந்தாரோ, அந்த உண்மைக்குள் அவரே போய்ச் சேர்ந்தார்.

அவர் இறந்த பிறகும் படங்கள் தெருவில் விற்றுக்கொண்டுதான் இருந்தன. 1920களின் தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்து வந்த ஷான் ஷார்லோ என்ற இளம் ஓவியர் அவற்றைக் கண்டு வியந்தார். யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டே வனேகஸ் அரோயோ அச்சகத்தை வந்தடைந்தார். 1925ஆம் ஆண்டில், மெக்சிகோவின் புதிய கலை இயக்கத்துக்குப் பொசாடாவே முன்னோடி என்று கட்டுரை எழுதினார். 1930ஆம் ஆண்டில் 406 படங்கள் அடங்கிய நூல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் டியேகோ ரிவேரா. 1937ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மக்கள் அச்சுக் கலைப் பட்டறையினர் பொசாடாவையே தங்கள் வழிகாட்டியாகக் கொண்டார்கள். 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடம் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தது.

1947ஆம் ஆண்டில் ரிவேரா ஒரு ஹோட்டல் சுவரில் ஏறக்குறைய 15 மீட்டர் நீளத்தில் ஓர் ஓவியம் தீட்டினார். அதில்தான் தொப்பி அணிந்த மண்டையோட்டுக்கு முழு உடலும் நீண்ட உடையும் கிடைத்தன. கத்ரீனா என்ற பெயரும் அதன் பிறகுதான் நிலைத்தது. ஓவியத்தின் நடுவே அவள் நிற்கிறாள். அவளுடைய ஒரு கையைச் சிறுவன் ரிவேரா பற்றியிருக்கிறான். மறு பக்கம் கோட்டு அணிந்து கைகோத்து நிற்பவர் பொசாடா. 1985ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் ஹோட்டல் சேதமடைந்தது. ஓவியத்தைக் காப்பாற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய், அதற்கென்றே ஓர் அரும்பொருளகம் அமைத்தார்கள். பொசாடா பிறந்த அகுவாஸ்காலியெந்தெஸிலும் 1972 முதல் அவர் பெயரில் அரும்பொருளகம் உண்டு.

ரிவேராவும் ஒரோஸ்கோவும் தொலோரெஸ் மயானத்திலேயே, நாட்டின் மாமனிதர்களுக்கென ஒதுக்கிய வட்டத்துக்குள் அரசு மரியாதையோடு உறங்குகிறார்கள். அவர்களுக்கு வழி காட்டியவரின் எலும்புகள் கலந்திருப்பதும் அதே மயானத்து மண்ணில்தான். எந்த இடம் என்று சுட்டிக்காட்ட ஒரு கல்கூட இல்லை.

சிந்திக்க வேண்டியவை

2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, இறந்தோர் தினத்தை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 2015ஆம் ஆண்டில் வந்த ஒரு ஜேம்ஸ்பாண்டு படத்தில் கற்பனையாகக் காட்டிய இறந்தோர் தின ஊர்வலத்தை, மறு ஆண்டு மெக்சிகோ சிட்டி உண்மையாகவே நடத்தத் தொடங்கியது. கத்ரீனா இன்று சட்டையிலும் கோப்பையிலும் பொம்மையிலும் இருக்கிறாள். அழகான சீமாட்டி என்று சொல்லிப் பெண்கள் அவளைப் போல் ஒப்பனை செய்துகொள்கிறார்கள். வேரை மறைத்து வேஷம் போடுகிறவர்களைக் கேலி செய்யப் பிறந்த படமே, விலைக்குக் கிடைக்கும் வேஷமாகிவிட்டது. பொசாடா இருந்திருந்தால், இதையும் ஒரு தாளில் வரைந்து இரண்டு காசுக்கு விற்றிருப்பார்.

அவர் அரண்மனைக்காக வரையவில்லை. அன்றைக்கு வாங்கி, மறுநாள் கசக்கி எறியும் தாளுக்காக வரைந்தார். படிக்கத் தெரியாதவர்களை மதித்து, அவர்களுக்குப் புரியும்படி, அதே நேரத்தில் கைத்தொழிலில் குறை வைக்காமல் வரைந்தார். எறிந்த தாள்கள் போக எஞ்சியவற்றை இன்று உலகத்தின் பெரிய அரும்பொருளகங்கள் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றன.

ஒரு சமூகம் தன் மொழியையும் தன் தாய் தந்தையரின் வழியையும் எண்ணிக் கூச்சப்படத் தொடங்கும்போதெல்லாம் பொசாடாவின் அந்தத் தொப்பியை நினைத்துக்கொள்வது நல்லது. தொப்பி வாடகைக்குக்கூடக் கிடைக்கும். அதைத் தாங்கும் எலும்பு மட்டும் பெற்றவர்கள் கொடுத்தது.